பதினோரு மணி மாவு

எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் பகல் 11 மணிக்குத்தான் கிரைண்டர் ஓடுகிறது. கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்து இருபது வருசம் பொழுதோடதான் மாவாட்டினேன். எங்கம்மாவும் அப்படித்தான், அத்தையும் அப்படித்தான். சாயங்காலம் ஆட்டி வைத்தால் விடிந்து பார்க்கும்போது போசி விளிம்புவரை பொங்கி நிற்கும். அதை மாற்றலாம் என்றபோது அத்தைக்கு மனசே வரவில்லை.

“ஏங்கண்ணு, இப்பவே ஆட்டிப்போட்டா வெடியறதுக்குள்ள புளிச்சுப் போயிருமில்ல?”

“எட்டு மணிக்கே பொங்கிருமுங்க அத்தை. அப்பவே பிரிட்ஜுல எடுத்து வெச்சுட்டாச் சரியா இருக்கும்.”

சித்திரை, வைகாசி சூட்டில் மாவுக்கு ஆறேழு மணி நேரம் தாராளம். ராத்திரி முழுக்க வைத்தால்தான் புளிக்கிறது. மார்கழியில் மட்டும் விடிய விடிய வெளியே வைக்கிறேன். இரண்டு வாரம் இட்லியைப் பிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்த அத்தை, அப்புறம் அவராகவே பத்தரை மணிக்கு அரிசியைக் கழுவி எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார்.

காரணம் மாடியில் இருக்கிறது. 2024 ஆனி மாதம் ஆறு சோலார் பலகை போட்டோம், ஒவ்வொன்றும் 540 வாட். அந்த வருசம் பிப்ரவரியில்தான் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்திருந்தது. 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம். ஆனால் முழுப் பணத்தையும் முதலில் நாம் கட்டிவிட வேண்டும், மானியம் பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். இரண்டு கன்றுக்குட்டி விற்ற பணம், தேங்காய்ப் பணம், கொஞ்சம் நகைக்கடன் எல்லாம் சேர்த்துத்தான் கட்டினோம்.

எங்கள் தோட்டம் உடுமலைப்பேட்டைப் பக்கம், குடிமங்கலத்துக்கும் பூளவாடிக்கும் நடுவில். நின்ற இடத்திலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் காத்தாடி தெரியும். காற்றாலை என்று எழுதுவோம், பேசும்போது காத்தாடிதான். வீட்டுக்குப் பின்னால், மாடு கட்டும் கட்டுத்தரையை ஒட்டிச் சாண கேஸ் தொட்டி. மாமனார் 1987இல் கட்டியது. ஆக, வெயில், காற்று, சாணி மூன்றையும் கூடவே வைத்துக்கொண்டு வாழ்கிறோம். அதைப் பற்றி எழுது என்று நங்கை (அண்ணி) மகள் கேட்டாள். காலேஜில் ஏதோ கட்டுரைக்கு வேண்டுமாம். அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தது நீண்டுவிட்டது, இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் மாடி. பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் தினமும் பொழுது சாய்ந்ததும் அன்றைய யூனிட்டை எழுதி வைக்கிறேன். மாசியில் 13, 14 வந்தது. ஆடியில் மேகம் ஓடும் நாட்களில் 8, 9. ஐப்பசி அடைமழையன்று 3. சித்திரைதான் எனக்கு ஆச்சரியம். மண்டை பிளக்கிற வெயில், ஆனால் மாசியைவிடக் குறைவு. விசாரித்தபோதுதான் புரிந்தது. பலகைக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு எதிரி. 25 டிகிரிக்குமேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அதன் திறன் குறைந்துகொண்டே போகும். சித்திரை மத்தியானத்தில் அந்தப் பலகையைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி சுடுகிறது. மாசியில் வெளிச்சமும் உண்டு, காற்றும் குளிர்ச்சியாக இருக்கிறது.

நிழல் விசயத்தில் பட்டது வேறு கதை. போட்டுக்கொடுத்தவர்கள் ஆனி மாதம் வந்து அளந்தார்கள். மாடியில் தெற்கு ஓரம் தண்ணீர்த் தொட்டி, அதற்கு வடக்கே பலகை. அன்றைக்குத் தொட்டி நிழல் பலகைப் பக்கமே வரவில்லை. எப்படி வரும்? நம் ஊரில் ஆனியில் சூரியன் உச்சிக்கு வடக்கே அல்லவா நிற்கிறது. கார்த்திகை பிறந்ததும் நோட்டில் யூனிட் இறங்க ஆரம்பித்தது. மேகம் என்று நினைத்தேன். மார்கழியில் ஒருநாள் துணி காயப்போட மாடிக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். தொட்டியின் நிழல் இரண்டு பலகைமேல் முழுசாகப் படுத்திருந்தது. பலகைகள் எல்லாம் ஒரே கோர்வை. ஏரில் பூட்டிய மாடு இரண்டில் ஒன்று நொண்டினால் மற்றதும் அதன் நடைக்குத்தான் வர வேண்டும், அதுமாதிரி ஒன்றிரண்டு பலகையில் நிழல் விழுந்தால் மற்றதன் வேலையும் கெடுகிறது. கேட்டால், அளந்தபோது நிழல் இல்லையே என்கிறார்கள். வருசம் முழுக்கச் சூரியன் ஒரே இடத்திலா இருக்கிறது?

அத்தையிடம் சொன்னேன். “மார்கழி வெயிலு தெக்க சாஞ்சு ஆசாரத்துக்குள்ள வரும், ஆனியில வாசப்படியோட நின்னுக்கும். இது தெரியாமயா அளந்தாங்க?” என்றார். ஆசாரம் என்றால் வீட்டு முன்கூடம். ஆசாரத்துத் திண்ணையில் எந்த மாதம் வெயில் எந்தக் கல்வரை வரும் என்று அவருக்குத் தெரியும். எந்த மாதம் எங்கே நெல்லைக் காயவைப்பது, எங்கே குழந்தையைப் படுக்கவைப்பது என்பதெல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகும். நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். தை மாதம் கொத்தனாரை வைத்துத் தொட்டியை வடக்கு ஓரத்துக்கு மாற்றினோம். சோலார் போடப்போகிறவர்கள் மார்கழி நிழலைப் பார்த்துவிட்டு இடம் குறியுங்கள். மார்கழி வரை பொறுக்க முடியாது என்றால் வீட்டில் இருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள்.

இன்னொன்றையும் யாரும் முன்னாடியே சொல்லவில்லை. ஈபி கரண்ட் போனால் இந்தச் சோலாரும் நின்றுவிடும். நடுப்பகல், உச்சி வெயில், மாடி முழுக்கப் பலகை, வீட்டுக்குள் மின்விசிறி ஓடவில்லை. முதல் தடவை ரிப்பேர் என்று பதறிப்போய் போன் போட்டோம். ரிப்பேர் இல்லை, அது அப்படித்தான். கம்பத்தில் லைன்மேன் ஏறி வேலை செய்யும்போது நம் வீட்டுச் சோலார் அந்த லைனுக்குள் கரண்டைத் தள்ளிவிட்டால் அவர் உயிருக்கு ஆபத்து. அதனால் லைனில் கரண்ட் இல்லை என்று தெரிந்ததும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும்படி செய்திருக்கிறார்கள். பேட்டரி வைத்த வகை வாங்கினால் மட்டும் வீட்டுக்கு ஓடும், அதற்கு விலை கூட. காரணம் தெரிந்தபிறகு எனக்கு வருத்தம் இல்லை. எங்கள் லைன்மேன் ஆடிக் காற்றில் கம்பத்தில் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

கழுவுவது என் பொறுப்பு. போர் தண்ணீர் உப்பு, அதை ஊற்றிக் காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் படிந்துவிடும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, வெடியால பலகை சூடேறும் முன்னால், திருப்பூர் பனியன் வேஸ்ட் துணியால் துடைக்கிறேன். பதினைந்து நாளைக்கு ஒருதடவை. மயில் எச்சம் இருந்தால் உடனே.

சரி, மாவுக்கு வருகிறேன். மீட்டர் நாம் வாங்குவதையும் ஈபிக்குக் கொடுப்பதையும் தனித்தனியாக எண்ணிக் கழித்துக்கொள்கிறது. அதனால் பில் கணக்கில் 11 மணிக்கு ஆட்டினாலும் ஒன்றுதான், ஆறு மணிக்கு ஆட்டினாலும் ஒன்றுதான். பிறகு ஏன் மாற்றினேன் என்று வீட்டுக்காரரே கேட்டார். மீட்டர் கணக்கு வேறு, கரண்ட் வரும் வழி வேறு. 11 மணிக்கு என் கிரைண்டரை ஓட்டுவது என் மாடி வெயில். பொழுது சாய்ந்து ஏழு மணிக்குச் சுவிட்ச் போட்டால், அதற்கு எங்கோ நிலக்கரி எரிந்தாக வேண்டும். மேட்டூர் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எல்லா வீட்டிலும் விளக்கு, டிவி, கிரைண்டர், மோட்டார் என்று ஒரே நேரத்தில் போடுகிற நேரம் அது. என்னால் தள்ளி வைக்க முடிகிற வேலையை எதற்கு அந்த நேரத்தில் கொண்டுபோய்ச் சொருக வேண்டும்? துணி துவைப்பது, இஸ்திரி போடுவது, மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது எல்லாமே பத்திலிருந்து மூன்று மணிக்குள் முடிந்துவிடுகிறது. மத்தியானம் ஏற்றிய தண்ணீர் மறுநாள் காலைவரை குழாயில் வருகிறது. எங்கள் வீட்டில் பேட்டரி இல்லை என்கிறார்கள், மேல்தொட்டி பேட்டரி இல்லாமல் வேறென்ன?

இப்படி நேரம் பார்த்து வேலை செய்யும் பழக்கத்தை நான் கற்றுக்கொண்டது சோலாரிடம் இல்லை. சாண கேஸிடம்தான். கற்றுக்கொடுத்தவர் அத்தை.

காலையில் எழுந்ததும் அவர் முதலில் போய்ப் பார்ப்பது தொட்டியின் டிரம்மைத்தான். பெரிய இரும்பு டிரம், சாணிக் கரைசல்மேல் கவிழ்த்து மிதக்க விட்டது. ராத்திரி முழுக்க உள்ளே கேஸ் சேரச் சேர அது மேலே எழும்பும். ஒரு முழம் எழும்பியிருந்தால் காலைக் காப்பி, பலகாரம், மத்தியானச் சோறு மூன்றும் ஆகும். ஒரு சாண்தான் என்றால் காப்பியும் சோறும் மட்டும், குழம்புக்குச் சிலிண்டர். அளவு பார்த்துத்தான் அன்றைக்கு என்ன சமையல் என்பதே முடிவாகும். இருபது வருசமாகப் பார்க்கிறேன், அவர் கணக்கு தப்பியதில்லை.

சாணியைக் கரைக்கும் விதத்தில் அவர் விட்டுக்கொடுக்கவே மாட்டார். ஒரு கூடை சாணிக்கு ஒரு கூடை அளவு தண்ணீர். தோசை மாவைவிட நீர்க்க இருக்க வேண்டும். கையை விட்டுத் துழாவி, சோளத்தட்டு, செத்தை, கல் எல்லாவற்றையும் பொறுக்கி எறிவார். செத்தை உள்ளே போனால் மேலே ஆடை மாதிரி படர்ந்து கேஸை எழும்ப விடாது. 25 கிலோ சாணியில் ஒரு கனமீட்டர் கேஸ் கிடைக்கும் என்று கணக்குச் சொல்வார்கள். அது சிலிண்டர் கேஸில் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முன்னே ஆறு உருப்படி இருந்தபோது சிலிண்டரே வாங்கியதில்லை என்பார் அத்தை. இப்போது மூன்று மாடுதான். இருந்தும் சாண கேஸ் இல்லாவிட்டால் ஒன்றரை மாதம் வரும் சிலிண்டர் மூன்று மாதம் வருகிறது.

நான் வந்த புதிதில் ஒரு தப்பு நடந்தது. கட்டுத்தரை நாற்றம் போகட்டும் என்று பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டேன். அந்தத் தண்ணீரும் சாணியோடு தொட்டிக்குள் போய்விட்டது. மூன்றாம் நாள் டிரம் எழும்பவே இல்லை. உள்ளே சாணியைத் தின்று கேஸ் ஆக்குகிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் எல்லாம் அதில் செத்துப்போயிருந்தன. பக்கத்துத் தோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த தொட்டியிலிருந்து நாலு குடம் கரைசல் கொண்டுவந்து ஊற்றி, உறை ஊற்றுவதுபோல மறுபடி பிடிக்க வைத்தார் அத்தை. இரண்டு வாரத்துக்குமேல் ஆயிற்று. “அதுவும் நம்ம கட்டுத்தரை உசுருதான் அம்மணி, வவுறு கெடாமப் பாத்துக்கோணும்” என்றார், அவ்வளவுதான். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

அடுப்பில் எரியும்போது நீல நிறம், சத்தமே இருக்காது, பாத்திரத்தில் கரி பிடிக்காது. சில நாள் சுடர் படக் படக் என்று துள்ளும். குழாயில் தண்ணீர் தேங்கிவிட்டது என்று அர்த்தம். கேஸோடு வரும் ஈரம் குளிர்ந்து தாழ்வான இடத்தில் சேர்ந்துவிடும். அந்த இடத்தில் ஒரு சின்ன வால்வு வைத்திருக்கிறார் மாமனார். திறந்துவிட்டால் ஒரு டம்ளர் தண்ணீர் இறங்கும், சுடர் நேராகிவிடும். மார்கழியில் குளிருக்கு உள்ளே வேலை மந்தமாகும். அந்த மாதம் சாணி கரைக்கும் தண்ணீரை வெயிலில் ஒரு பொழுது வைத்துச் சூடேற்றித்தான் ஊற்றுவோம். வெளியே வரும் கரைசல் தென்னைக்கும் சோளத்துக்கும் போகிறது. பச்சைச் சாணியைக் கொட்டினால் வரும் நாற்றமும் ஈயும் இதில் இல்லை, களையும் குறைவு. என்னைக் கேட்டால் கேஸ் ஒரு பங்கு, அந்த எரு இரண்டு பங்கு.

எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் கட்டிய தொட்டி பல இருந்தன. இன்று பெரும்பாலானதில் செடி முளைத்துக் கிடக்கிறது. டிரம் துருப்பிடித்ததும் விட்டுவிட்டார்கள், மாடு குறைந்ததும் விட்டுவிட்டார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. சாணி வீட்டில் இருக்க, கேஸை வேறு நாட்டிலிருந்து கப்பலில் வரவழைக்கிறோம். ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் சேலம், நாமக்கல் பக்கம் அந்தப் புளித்த கழிவுத் தண்ணீரிலிருந்தே கேஸ் எடுத்துத் தங்கள் ஆலையை ஓட்டுகிறார்கள். ஆற்றை நாறடித்த தண்ணீர் அது. நாமக்கல் கோழிப்பண்ணை எருவிலிருந்து கரண்டே எடுத்திருக்கிறார்கள். மூன்று மாட்டுக் கட்டுத்தரைக்கு முடியாதா?

காத்தாடிக்கு வருகிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று நேராக எங்கள்மேல்தான் வந்து விழுகிறது. வைகாசியில் தொடங்கிப் புரட்டாசிவரை. ஆடியில் வாசலில் கோலமாவு நிற்காது, வாழை வைத்தவர்கள் தூங்க மாட்டார்கள். அந்தக் காற்றை யாரும் விரும்பியதில்லை. 1990களில் மில்லுக்காரர்கள் வந்து மேட்டு நிலத்தை வாங்க ஆரம்பித்தபோதுதான் அதற்கும் விலை இருக்கிறது என்று தெரிந்தது. காத்தாடி போட்டால் முதல் வருசமே அதன் முழு விலையையும் தேய்மானக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று அப்போது வரிச்சலுகை இருந்தது. கோயமுத்தூர் நூல் மில்லும் திருப்பூர் பனியன் கம்பெனியும் இங்கே காத்தாடி நட்டு, ஈபி லைன் வழியாகக் கரண்டைத் தங்கள் ஆலைக்குக் கொண்டுபோனார்கள். இன்று தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டுக்கும் மேல்.

பழைய காத்தாடிகள் 225, 250 கிலோவாட், விறுவிறுவென்று சுற்றும். இப்போது வருவது 2 மெகாவாட்டுக்குமேல். உயரம் அண்ணாந்து பார்க்கக் கழுத்து வலிக்கும், சுற்றுவது நிதானமாக. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருக்கும் சக்தி எட்டு மடங்காகும். அதனால்தான் உயரத்துக்கு இவ்வளவு செலவு செய்கிறார்கள், மேலே போகப் போகக் காற்று வலுக்கிறது. அதற்காகப் புயல் அடித்தால் நல்லது என்றும் இல்லை. வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தை எட்டினால் இயந்திரம் உடைந்துவிடாமல் தானாகவே நின்றுகொள்ளும்.

2012இல் இந்தப் பக்கம் பாதி நாளுக்குமேல் கரண்ட் இருக்காது. சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிகள் எல்லாம் நின்று கிடந்தன. எங்கம்மா வழிச் சொந்தத்தில் தறியை எடைக்குப் போட்டவர்கள் உண்டு. அந்த வருசம் ஊரே காத்தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது சுற்றினால் கரண்ட் கொஞ்ச நேரம் கூடுதலாக இருக்கும், அது நின்றால் கரண்டும் போய்விடும். காற்றைத் திட்டிக்கொண்டே வாழ்ந்த ஊர், காற்று எப்போது வரும் என்று காத்திருந்தது அப்போதுதான்.

ஆனால் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. காத்தாடி இறக்கைகளை ஏற்றிவரும் நீள வண்டி திரும்ப வேண்டும் என்று தோட்டத்து வண்டிப்பாதையான இட்டேரியை அகலப்படுத்தினார்கள். இரண்டு பக்கமும் இருந்த கிளுவை வேலி போனது போனதுதான், மறுபடி யாரும் நடவில்லை. சாயங்கால வெயிலில் இறக்கை நிழல் சன்னல் வழியாக வந்து சுவரில் வெட்டி வெட்டிப் போகும். என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது அதற்கு அழுவான். இவ்வளவையும் தாங்கிக்கொள்ளும் ஊராட்சிக்கு அதிலிருந்து சொந்தமாக ஒரு யூனிட் கிடையாது. மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி என்ன செய்தது தெரியுமா? வங்கிக் கடன் வாங்கி, 2006இல் எங்கள் உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் 350 கிலோவாட் காத்தாடி ஒன்றைச் சொந்தமாக நட்டது. ஊருக்கு வேண்டியது போக மிச்சத்தை ஈபிக்கு விற்றது. காற்று எங்கள் ஊர்க் காற்று. அங்கிருந்து வந்து நட்டுப் போனார்கள், நாங்கள் கீழே நின்று பார்த்தோம். கிராமசபையில் இதை இரண்டு தடவை பேசியிருக்கிறேன். அடுத்த தடவையும் பேசுவேன்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாமனாரின் அப்பாரு காலத்தில் கவலை இறைப்பு. இரண்டு மாடு சரிவில் முன்னும் பின்னும் நடந்து சாலில் தண்ணீர் இழுக்கும். 1930களில் நீலகிரி பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் இறங்கியபிறகுதான் கோயமுத்தூரில் மில்லுகள் வரிசையாக எழுந்தன, பிறகு கிணற்றுக்கு மோட்டாரும் வந்தது. கொங்குநாட்டை மாற்றியதே மலையிலிருந்து விழுந்த தண்ணீர்தான். அந்தக் கரண்டுக்காக உயிரும் போயிருக்கிறது. 1970இல் மின்கட்டணப் போராட்டத்தில் பெருமாநல்லூரில் விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். 1972இல் விவசாயிகள் சங்கத்து நாராயணசாமி நாயுடு தலைமையில் கோயமுத்தூரை மாட்டுவண்டிகளால் நிறைத்தார்கள். மாமனார் வண்டியும் அதில் போயிருந்தது. 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தபோது எங்கள் வீட்டில் பொங்கல் வைத்தார்களாம்.

இப்போது சோலார் மோட்டாருக்கு 60 சதவீதம் மானியம் தருகிறார்கள். திறந்த கிணறு இருப்பவர்களுக்கு அது அருமையான பொருள். பகலில் தண்ணீர் பாய்ச்சலாம், ராத்திரி பாம்புக்குப் பயந்து டார்ச் எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. ஆயிரம் அடி போர் இருக்கும் தோட்டங்களில் எனக்குப் பயமாக இருக்கிறது. வெயில் தீராது, ஆனால் அடியில் இருக்கும் தண்ணீர் தீரும். சும்மா கிடைக்கிற கரண்ட் என்று காலை முதல் மாலைவரை ஓட விட்டால் பேரப்பிள்ளைகளுக்குக் குடிக்கவும் இருக்காது.

ஆழியாறு மலைக்குமேலே காடம்பாறை என்று ஓர் இடம். பெரியப்பா மகன் அங்கே வேலை பார்த்ததால் எனக்குத் தெரியும். பாறைக்குள்ளே குடைந்து கட்டிய மின் நிலையம், 100 மெகாவாட் இயந்திரம் நான்கு. கரண்ட் மிச்சமாக இருக்கும் நேரத்தில் கீழ் அணையிலிருந்து தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றுவார்கள். ஊரெல்லாம் சுவிட்ச் போடும் நேரத்தில் அதைத் திருப்பி இறக்கிக் கரண்ட் எடுப்பார்கள். ஏற்றவும் இறக்கவும் அதே இயந்திரம்தான், திருப்பிச் சுற்றும். ஏற்றுவதற்கு ஆகும் கரண்டைவிடத் திரும்பக் கிடைப்பது குறைவு, ஆனாலும் வேண்டிய நேரத்தில் கிடைக்கிறதே. என் மேல்தொட்டிக் கணக்கை அண்ணனிடம் சொன்னபோது “காடம்பாறையும் அதேதான் அம்மணி, தொட்டி பெருசு, அவ்வளவுதான்” என்றார்.

நோட்டைப் புரட்டினால் ஒன்று தெரிகிறது. என் பலகை இறங்கும் ஆடியில்தான் காத்தாடி ஏறுகிறது. காற்று அடங்கிக் கிடக்கும் மாசி, பங்குனியில் பலகை முழுசாகத் தருகிறது. ஐப்பசியில் இரண்டும் குறைவு, ஆனால் அணைகள் நிறைந்திருக்கும். ஒன்று விட்ட இடத்தை இன்னொன்று பிடித்துக்கொள்கிறது. விடுபடுவது அந்தச் சாயங்காலம் ஆறிலிருந்து பத்துதான். காடம்பாறை மாதிரி இன்னும் நாலு கட்டியோ, ஊருக்கு ஊர் பேட்டரி வைத்தோ, அந்த நாலு மணி நேரத்துக்கு வழி செய்யாமல் நிலக்கரியை நிறுத்த முடியாது.

பிறந்த வீட்டை விட்டுவிட்டால் அம்மா கோபித்துக்கொள்வார். கொடுமுடி பக்கம், மஞ்சக்காடு. தை, மாசியில் கிழங்கை வெட்டி வேகவைத்துக் களத்தில் கொட்டுவோம். வேகவைக்க எரிப்பதும் காய்ந்த தென்னை மட்டையும் மஞ்சள் தாளும்தான். நுரை கட்டி மஞ்சள் வாசம் எழும்பும்போது ஒரு குச்சியைக் குத்திப் பார்ப்போம், மெத்தென்று இறங்கினால் பதம். பிறகு பத்துப் பதினைந்து நாள் வெயில். மெல்லிசாகப் பரப்பினால் நிறம் வெளுத்துவிடும், இரண்டு மூன்று விரற்கடை கனம் இருக்க வேண்டும். பகலில் புரட்டி, பொழுதோட குவித்து மூடுவோம். ஐந்து கிலோ பச்சைக் கிழங்கு ஒரு கிலோவாக வற்றும். காய்ந்ததை ஒடித்தால் கணீரென்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்காகவே நானும் தம்பியும் போட்டி போட்டு ஒடிப்போம். ஈரோட்டு மண்டிக்கு மூட்டை மூட்டையாகப் போவது அந்தப் பதினைந்து நாள் வெயில்தான். காங்கேயம் பக்கம் களம் களமாகக் காயும் தேங்காய்ப் பருப்பும் அதே வெயில். அதற்கெல்லாம் மீட்டர் இல்லாததால் யாரும் எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. அவ்வளவு மஞ்சளையும் கரண்டில் உலர்த்த வேண்டும் என்றால் எத்தனை பலகை போட வேண்டும்? இப்போது தம்பி பாலிகார்பனேட் கூடாரம் போட்டிருக்கிறான், உள்ளே சீக்கிரம் காய்கிறது, திடீர் மழைக்கும் பயமில்லை. அம்மா மட்டும் வீட்டுக்கு வேண்டிய மஞ்சளைப் பழைய களத்திலேயே காயவைக்கிறார்.

இதை எழுதும்போது ஆடி மாதம், மணி நாலு. மேகம் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்றைக்கு ஒன்பதைத் தாண்டாது. காத்தாடிகள் எல்லாம் ஒரே முகமாக மேற்கே பார்த்துச் சுற்றுகின்றன. சாண கேஸ் டிரம் போன வருசமே வெல்டு வைத்தது, மேலே துரு மறுபடி எட்டிப் பார்க்கிறது. வீட்டுக்காரரிடம் கருப்புப் பெயின்ட் இரண்டு லிட்டர் சொல்லியிருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் அடித்துவிட வேண்டும். கருப்பாக இருந்தால் மார்கழி வெயிலைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், ஒரு விரற்கடை மேலே எழும்பும் என்கிறார் அத்தை.